நாகல் நகரில் ஒரு ரூம்மேட் தகராறு!

"மாப்ள... ஒரு கொலை நடந்துபோச்சுடா. உடனே கிளம்பி வா!"

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு இப்படி ஒரு போன் வந்தா யாருக்குத்தான் தூக்கம் வரும்? பேசினது என் பள்ளிக்கூடத்து நண்பன். திண்டுக்கல் நாகல் நகர்ல மாடி ரூம் எடுத்துத் தங்கி, கல்லூரியில கடைசி வருஷம் படிக்கிறான். "யாருடா செத்தா?"ன்னு பதறினா, "ஏஞ்சல்"ங்கறான். எனக்குத் தெரியாம எந்த ஏஞ்சல்னு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. ஏஞ்சல்ங்கறது மீன். கொன்னவன் பேரு ஆஸ்கர். அவனும் மீன்.

சரி, திருச்சியில இருந்து ரயிலேறியாச்சு. மணப்பாறையில முறுக்கு, வையம்பட்டியில வெயில், அய்யலூர்ல மலைக்காத்து, வடமதுரையைத் தாண்டினா தூரத்துல அந்த ஒத்தைப் பாறை. தலையணை மாதிரி இருக்கிற கல்லுங்கறதால திண்டு, கல், திண்டுக்கல்னு பேர் வந்ததா ஊர்ல சொல்வாங்க. எங்க ஊர்லயும் மலைக்கோட்டை இருக்குன்னு நான் பெருமை பேச, "உங்க ஊர்ல உச்சியில பிள்ளையார் இருக்காரு, எங்க ஊர்ல பீரங்கி மேடு இருக்கு"ன்னு அவன் மடக்க... பத்து வருஷமா இதே சண்டைதான்.

பூட்டுச் சத்தம் கேட்கும் தெரு

ஜங்ஷன்ல இறங்கி நாகல் நகர் ரொம்ப தூரமில்லை. மேம்பாலம், ரவுண்டானா, பஸ் ஹாரன் எல்லாத்தையும் தாண்டி உள்ளே நுழைஞ்சா, ஊர் சட்டுனு வேற மாதிரி ஆயிடும். ஒட்டி ஒட்டி வீடுகள். வாசல்ல கோலம். திண்ணையில உட்கார்ந்து ரெண்டு பெரியவங்க பேசற பாஷை தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. அது சௌராஷ்டிரம். நெசவை நம்பி வந்து தங்கின மக்கள். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுத்தி அவங்க வாழ்க்கை தலைமுறை தலைமுறையா ஓடிக்கிட்டு இருக்கு.

இன்னொரு பக்கம் திரும்பினா "டங்... டங்..."னு சுத்தியல் சத்தம். பூட்டுப் பட்டறை! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டு செய்யற இடங்கள்ல நாகல் நகரும் ஒண்ணு. ஒரு பட்டறை வாசல்ல நின்னு பார்த்தேன். அரத்தால சாவியை ஒரு இழுப்பு, பூட்டுல போட்டு ஒரு திருப்பு, திரும்பலையா, மறுபடி ஒரு இழுப்பு. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற நாலு சாவி பக்கத்துலயே கிடக்கு. ஆனா அந்தப் பூட்டுக்கு அந்த ஒரு சாவிதான். மத்ததைப் போட்டுத் திருகினா ஒண்ணு சாவி உடையும், இல்லை பூட்டு கெட்டுப்போகும்.

அப்ப இதை நான் பெருசா நினைக்கலை. மாடி ஏறினதும்தான் நினைப்பு வந்தது.

ரெண்டடி வீட்டுல பதினோரு பேர்

ரூம் ஓரத்துல மேசை மேல ஒரு கண்ணாடித் தொட்டி. ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். நாலு மாசத்துக்கு முன்னாடி ஆசையா வாங்கினது. வாங்கின அன்னைக்கே கூடவே வாங்கினவங்க பட்டியல் இது: ரெண்டு விரல் அகலத்துக்கு ஆஸ்கர் குஞ்சு ஒண்ணு, ஏஞ்சல் ரெண்டு, பளபளன்னு மின்னுற நியான் டெட்ரா ஏழு, கண்ணாடியைச் சுத்தம் பண்ண சக்கர் மீன் ஒண்ணு. "எல்லாம் ஒண்ணா இருக்கும், பயப்படாதீங்க"ன்னு கடையில சொன்னாங்களாம்.

முதல் வாரம் எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தாங்க. ரெண்டாவது மாசம் நியான் டெட்ரா ஏழு அஞ்சாச்சு. அப்புறம் மூணு. அப்புறம் பூஜ்யம். செத்துப்போன உடம்பு ஒண்ணு கூட மிதக்கலை. "எங்கடா போயிருக்கும்?"னு இவன் மேசைக்கு அடியில எல்லாம் தேடியிருக்கான், பாவம். ஆஸ்கர் வயித்துல தேடலை! நாலு மாசத்துல அவன் அஞ்சு அங்குலம் ஆயிட்டான். நேத்து ராத்திரி ஒரு ஏஞ்சல் காலி. இன்னொண்ணு செதில், துடுப்பெல்லாம் கிழிஞ்சு மூலையில ஒண்டிக்கிட்டு நிக்குது.

"ராஸ்கல்! சோறு போட்டு வளர்த்தா கொலைகாரனா மாறிட்டான்"னு ஆஸ்கரைத் திட்டினான் நண்பன்.

இங்கேதான் நான் அவனை மடக்கினேன். தப்பு ஆஸ்கர் மேல இல்லை மாப்ள. ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல மல்யுத்த வீரன், பரதநாட்டியக்காரன், எல்.கே.ஜி. பசங்க ஏழு பேர் எல்லாரையும் போட்டுப் பூட்டிட்டு, சாப்பாட்டையும் கரெக்டா கொடுக்காம, "ஒத்துமையா இருங்க"ன்னு சொன்னது யாரு?

குடும்பம் பெருசு, கோபம் அதைவிடப் பெருசு

ஆஸ்கரும் ஏஞ்சலும் ஒரே குடும்பம்ங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. ரெண்டுமே சிச்லிட். தென் அமெரிக்காவுல அமேசான் பக்கத்துக்காரங்க. உலகத்துல இதுவரைக்கும் பேர் வச்சிருக்கிற சிச்லிட் வகைகள் மட்டும் 1,700-க்கும் மேல. ஆப்பிரிக்காவுல மலாவி, டங்கனிக்கா, விக்டோரியான்னு மூணு பெரிய ஏரிகள்ல இவங்க ராஜ்யம். வாஸ்து மீன்னு சொல்லி நெத்தி புடைச்சு நிக்குமே ஃப்ளவர் ஹார்ன், அதுவும் சிச்லிட்தான். ஆனா அது எந்த ஆத்துலயும் பிறக்கலை. 1990-கள்ல மலேசியாவுல மனுஷங்க கலப்பு பண்ணி உருவாக்கினது.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு ஸ்பெஷல் குணம் உண்டு. பெத்த பிள்ளையைக் கண்ணும் கருத்துமா காப்பாத்தும். மத்த பல மீன்கள் முட்டையைப் போட்டுட்டு கம்பி நீட்டிடும். இது அப்படி இல்லை. கல்லு மேல முட்டை வச்சு, துடுப்பால விசிறி விட்டு, குஞ்சு பொரிச்சதும் கூட்டிக்கிட்டு அலையும். சில வகையில அம்மா முட்டையை வாய்க்குள்ளயே வச்சு அடைகாக்கும். அதனாலதான் "இது என் ஏரியா"ங்கற எண்ணம் அதோட ரத்தத்துல இருக்கு. ஆத்துல அடி வாங்கினவன் ஓடிப்போக இடம் இருக்கு. ரெண்டடி தொட்டியில எங்கே ஓடறது? ஒரு ஜோடி முட்டை வச்சா மொத்தத் தொட்டியும் அதுங்களுக்குப் பட்டா எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

கணக்கு போட்டுப் பார்த்தோம். ரெண்டு கன அடின்னா சுமார் 56 லிட்டர். மணல், கல், மேல விட்ட இடைவெளி எல்லாம் போக, தண்ணி 45 லிட்டர் தேறும். அதாவது ரெண்டு கேன் தண்ணிக்குக் கொஞ்சம் கூட. இதுக்குள்ள ஒரு அடி வரைக்கும் வளரக்கூடிய ஆஸ்கர்! சரியா வளர்த்தா பத்து வருஷத்துக்கு மேலயும் உயிரோட இருக்கும். நண்பன் டிகிரி முடிச்சு, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கிற வரைக்கும் ஆஸ்கர் கூடவே வரும்.

அந்தச் சக்கர் மீனும் சும்மா இல்லை. அதுவும் ஒரு அடியைத் தாண்டும். பாசி கிடைக்கலைன்னா ராத்திரியில ஏஞ்சல் மாதிரி தட்டையான மீன் மேல ஒட்டி, உடம்புல இருக்கிற வழுவழுப்பை உறிஞ்சும். கொலையில அதுக்கும் பங்கு இருக்கலாம். சாட்சி சொல்ல ஆளில்லை!

குக்கர் அடியில் ஒரு ரகசியம்

கீழ் வீட்டுப் பாட்டி காபியோட மேல வந்தாங்க. வீட்டுக்காரங்க. "என்ன தம்பி, மீனு செத்துப்போச்சாமே? எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. மீனுக்கு ஆகாதுப்பா"ன்னாங்க.

பாட்டி சொன்னதுல பாதி உண்மை. அவங்க வீட்டு வெந்நீர்ப் பானையை எட்டிப் பார்த்தேன். உள்பக்கம் பூரா வெள்ளையா படிவு. கடினத் தண்ணிக்கு அதுதான் அடையாளம். சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. நியான் டெட்ராவுக்கும் ஏஞ்சலுக்கும் சொந்த ஊர் தண்ணி மழைத்தண்ணி மாதிரி மென்மையானது. நியான் இந்தத் தண்ணியில திணறித்தான் பிழைக்கும். ஏஞ்சல் கொஞ்சம் பழகிக்கும். ஆனா மலாவி ஏரி சிச்லிட்டுக்கு இந்த மாதிரி கடினத் தண்ணி அமிர்தம். மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் எல்லாம் குஷியா இருக்கும்.

அப்ப பாட்டி சொன்னதுல மீதி பாதி? தண்ணி மீனுக்கு ஆகலைன்னா தண்ணியை மாத்தணும்னு இல்லை, அந்தத் தண்ணிக்கு ஏத்த மீனைத் தேடணும். பூட்டைப் பார்த்து சாவி செய்யணும். சாவியைப் பார்த்து பூட்டை அறுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். மீனோட கழிவுல இருந்து அம்மோனியா வரும். தொட்டியில நல்ல பாக்டீரியா சேர்ந்தா அதை நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்திடும். அந்தப் பாக்டீரியா குடியேற நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நம்ம ஆள் தொட்டி வாங்கின அன்னைக்கே பதினோரு பேரைக் குடிவச்சிருக்கான். காரத்தன்மை அதிகமான தண்ணியில, அதுவும் திண்டுக்கல் வெயில்ல, அம்மோனியாவோட விஷம் இன்னும் ஏறும். செத்தது எல்லாம் ஆஸ்கர் வாயில செத்ததுன்னு சொல்ல முடியாது. சிலது காத்துல புகை அடைச்ச ரூம்ல மூச்சுத் திணறினவன் மாதிரி செத்திருக்கும்.

பக்கெட் யாத்திரை

"சரிடா, இப்ப ஆஸ்கரை என்ன பண்றது?"

நண்பன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா சொன்னான். "கோட்டைக்குளத்துல விட்டுடலாம்னு இருக்கேன். கொல்ல மனசு வரலை. அது பாட்டுக்கு சுதந்திரமா இருக்கட்டும்."

கேட்கவே நல்லா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. மூடி போட்ட பக்கெட்டுல ஆஸ்கரை ஏத்தி, டூவீலர்ல நான் பின்னாடி பக்கெட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கிளம்பிட்டோம். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் என் பேன்ட் நனைஞ்சுது. சிக்னல்ல நின்ன ஒரு அண்ணன், "தம்பி, உள்ளே என்ன, பிரியாணியா?"ன்னு கேட்டார். திண்டுக்கல்ல மூடின பாத்திரத்தைப் பார்த்தா வேற எது நினைப்பு வரும்!

வழியில ஒரு மீன் கடை. தட்டுல கருப்பும் சாம்பலுமா மீன் குவிச்சு வச்சிருந்தாங்க. "ஜிலேபி தம்பி, உயிரோட இருக்கு, வாங்கிட்டுப் போங்க"ன்னாங்க கடைக்கார அக்கா. வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒரு ஜிலேபியைக் கையில எடுத்து, பக்கெட் மூடியைத் திறந்து, ரெண்டையும் அவன்கிட்ட காட்டினேன்.

"நல்லா பாரு. முதுகுல ஒரே நீளத் துடுப்பு, முன்னாடி முள்ளு முள்ளா. அதே உருவம், அதே வாய். சொந்தக்காரங்கடா!"

ஆமாம். நாம குழம்பு வைக்கிற ஜிலேபி, அதாவது திலேப்பியாவும் சிச்லிட்தான். அதுக்கு ஊர் ஆப்பிரிக்கா. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. மலிவா, சீக்கிரமா வளருற மீன், ஜனங்களுக்குச் சாப்பாடு ஆகும்னு நல்ல எண்ணத்துலதான் குளத்துலயும் அணையிலயும் விட்டாங்க. அம்மா மீன் குஞ்சை வாய்க்குள்ளயே வச்சுக் காப்பாத்தறதால அது பெருகின வேகம் யாரும் எதிர்பார்க்காதது. அமராவதி, வைகை, கிருஷ்ணகிரின்னு தமிழ்நாட்டு அணைகள்ல அதோட ஆட்சி வந்துடுச்சு. சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் போட்டி போட முடியாம நம்ம ஊர் மீன்கள் ஒதுங்கிப்போச்சு.

சக்கர் மீன் கதை அதைவிட மோசம். வீட்டுத் தொட்டியில பெருசானதும் பாவம் பார்த்து ஏரியில விட்டது, இன்னைக்கு தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல வலையில சிக்குது. முள்ளும் ஓடுமா இருக்கிறதால வலையைக் கிழிக்குது, விலைக்கும் போகலை. மீன் பிடிக்கிறவங்களுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. ஆப்பிரிக்கக் கெளுத்தி நம்ம மீனையெல்லாம் தின்னுடும்னு 2000-ல் மத்திய அரசு தடையே போட்டுது.

உலக உதாரணம் வேணுமா? விக்டோரியா ஏரி. அங்கே நூத்துக்கணக்கான சின்னச் சின்ன சிச்லிட் வகைகள் இருந்துச்சு. உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. 1950-கள்ல நைல் பெர்ச்னு ஒரு ராட்சச மீனைக் கொண்டு வந்து விட்டாங்க. 1980-கள்ல பார்த்தா சுமார் 200 வகை சிச்லிட் காணாமலே போச்சு, இல்லை காணாமப் போற நிலைக்கு வந்துச்சு. மேசை மேல நியான் டெட்ராவுக்கு நடந்ததுதான் அங்கே ஒரு ஏரிக்கே நடந்துது. கூட யாரை விடறோம்னு யோசிக்காத தப்பு, ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

கோட்டைக்குளம் வரைக்கும் போனோம். மலைக்கோட்டை நிழல் தண்ணியில விழுந்து கிடந்துச்சு. படியில உட்கார்ந்து பக்கெட்டை நடுவுல வச்சுக்கிட்டோம். ஆஸ்கர் மேல வந்து எங்களைப் பார்த்துச்சு. அதுக்கு ஆளை அடையாளம் தெரியும். நண்பன் கிட்டப் போனா வாலை ஆட்டும், நான் போனா பின்னாடி நகரும்.

"விட்டா சுதந்திரமா இருக்கும்னு நினைச்சேன்"னான் நண்பன்.

"அது சுதந்திரமா இருக்கும். குளத்துல மத்ததுங்க?"

ஒரு அஞ்சு நிமிஷம். அப்புறம் அவனே எழுந்து பக்கெட்டைத் தூக்கினான். "வா. வேற வழி பார்க்கலாம்."

கடைக்கார அண்ணனின் கச்சேரி

டவுனுக்குள்ள இன்னொரு வண்ணமீன் கடை. அனுபவசாலி அண்ணன் ஒருத்தர். பக்கெட்டைப் பார்த்ததும் சிரிச்சார். "வாரத்துக்கு ஒரு ஆஸ்கராவது இப்படித் திரும்பி வருது தம்பி. நாலடித் தொட்டி வச்சிருக்கிற ஒரு கஸ்டமர் கேட்டுக்கிட்டு இருந்தார். காசு கேட்காதீங்க, நானும் கேட்கலை. வச்சுட்டுப் போங்க. ஏஞ்சலையும் சக்கரையும் நாளைக்குக் கொண்டாங்க."

பிரச்னை முடிஞ்சுது. ஆனா தொட்டி காலி ஆகப்போகுதே, அதுல யாரைக் குடிவைக்கிறது? டீ வாங்கிக் கொடுத்து அண்ணன்கிட்ட கேட்டோம். அவர் சொன்னதும், நாங்க படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதும் சேர்ந்து இதோ, ரெண்டடி தொட்டி வச்சிருக்கிற எல்லா ரூம்மேட்டுக்கும்:

1. வாய் அளவைப் பாருங்க. ஒரு மீனோட வாய்க்குள்ள இன்னொரு மீன் போகும்னா அது நண்பன் இல்லை, டிபன். இன்னைக்குச் சைஸைப் பார்க்காதீங்க, வளர்ந்தா என்ன சைஸ்னு கேளுங்க.

2. ஆஸ்கர், ஃப்ளவர் ஹார்ன் ரெண்டும் ரெண்டடிக்கு ஆகவே ஆகாது. ஃப்ளவர் ஹார்னுக்கு நாலடித் தொட்டி இருந்தாலும் தனி ரூம்தான். கூட யாரை விட்டாலும் அடிதடி.

3. ஏஞ்சல் உயரமா வளரும் மீன். தண்ணி ஒன்றரை அடி ஆழமாவது வேணும். ஒரு அடித் தொட்டியில அதைப் போடறது குனிஞ்சே நிக்கச் சொல்ற மாதிரி. டைகர் பார்பை அது கூட விடாதீங்க, துடுப்பைக் கடிச்சே குதறிடும்.

4. மலாவி சிச்லிட் நம்ம ஊர் தண்ணிக்குச் சரி. ஆனா ரெண்டடிக்குச் சரியில்லை. அடி வாங்கறவன் தப்பிக்க இடம் வேணும். நாலடிக்குப் போற அன்னைக்கு யோசிங்க. தென் அமெரிக்க மீனையும் ஆப்பிரிக்க மீனையும் கலக்காதீங்க. தண்ணியும் வேற, கோபமும் வேற.

5. ஒரே நிறம், ஒரே உருவம் இருக்கிற வேற மீனை சிச்லிட் கூட விட்டா, போட்டிக்கு வந்தவன்னு நினைச்சு வெளுக்கும். வேற உருவம், வேற உயரத்துல நீந்தற மீனா பாருங்க. சிச்லிட் கீழ்ப்பாதின்னா மேல்பாதியில வேகமா ஓடற கூட்டம் நல்லது. அதுங்க பயமில்லாம சுத்தறதைப் பார்த்தா வெட்கப்படுற சிச்லிட்டும் வெளியே வரும்.

6. புது மீன் விடற அன்னைக்குக் கல், செடியை எல்லாம் இடம் மாத்துங்க. பழைய ஆளோட "ஏரியா" கலைஞ்சுபோகும். எல்லாருக்கும் அது புது வீடு. லைட்டை அணைச்சு வச்சு விடுங்க.

7. ஒவ்வொரு வாரமும் கால் பங்கு தண்ணி மாத்துங்க. 45 லிட்டர்ல அது ஒரு பக்கெட்டுக்குள்ள அடங்கிடும். நகராட்சிக் குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் திறந்து வச்சு ஊத்துங்க.

நம்ம ஊர் சிச்லிட் தெரியுமா?

எல்லாம் சரி, ரெண்டடிக்கு ஆகிற சிச்லிட்டே கிடையாதான்னு கேட்டோம். அண்ணன் சொன்ன பதில் எங்களைத் தூக்கிப் போட்டுச்சு. "இருக்கே. அதுவும் நம்ம நாட்டுது!"

இந்தியாவுக்குச் சொந்தமான சிச்லிட் மொத்தம் மூணே மூணு. ஒண்ணு கேரளாவுல 2010-ல் மாநில மீன் ஆன கரிமீன். அது பெருசு, தொட்டிக்கு ஆகாது, சட்டிக்கு ஆகும். இன்னொண்ணு கர்நாடக ஆறுகள்ல இருக்கிற கனரா வகை. மூணாவதுதான் ஆரஞ்சு குரோமைட். கேரளாவுல பள்ளத்தின்னு சொல்வாங்க. மூணு அங்குலம்தான் வளரும். மஞ்சளும் ஆரஞ்சுமா, உடம்புல சிவப்புப் புள்ளி வரிசை. நம்ம கடற்கரைக் கழிமுகம், இலங்கைன்னு ரெண்டு பக்கமும் வாழுது. கடினத் தண்ணி, கொஞ்சம் உப்புத் தண்ணி ரெண்டும் அதுக்குப் பிடிக்கும். இந்தக் குடும்பத்தோட நெருங்கின சொந்தம் எங்கே இருக்கு தெரியுமா? மடகாஸ்கர்ல!

கரிமீனுக்கும் பள்ளத்திக்கும் உள்ள உறவு ஒரு சினிமாக் கதை. சின்னப் பள்ளத்தி, கரிமீன் உடம்பைக் கொத்திச் சுத்தம் பண்ணும், கரிமீனும் அசையாம நின்னு காட்டும். 1972-ல் இதை ஆராய்ச்சியாளர்கள் எழுதி வெளியிட்டாங்க. ஆனா அதே பள்ளத்தி, கரிமீன் அசந்த நேரத்துல அதோட முட்டையையும் குஞ்சையும் தின்னும். பகல்ல டாக்டர், சமயம் கிடைச்சா திருடன். ரூம்மேட் உறவுன்னா இப்படித்தானே!

அதனால ரெண்டடி தொட்டிக்கு எங்க முடிவு: ஒரு ஜோடி பள்ளத்தி, கூட அஞ்சு கறுப்பு மோலி. ரெண்டுக்கும் அதே தண்ணி. மோலி மேலயும் நடுவுலயும் சுத்தும், பாசியும் தின்னும், அதனால சக்கருக்கு வேலையே இல்லை. மோலி போடற குஞ்சுகள்ல பாதி பள்ளத்தி வயித்துக்குப் போகும். போகட்டும், இல்லைன்னா மூணே மாசத்துல நாகல் நகர் பூரா மோலிதான். பள்ளத்தி முட்டை வச்சா கொஞ்ச நாள் கோபமா இருக்கும். அப்ப மோலி ஒளிய செடியும் ரெண்டு பூந்தொட்டித் துண்டும் போட்டு வச்சா போதும்.

"அயிரையும் விடலாமா அண்ணே?"ன்னான் நண்பன். குழம்புக்கு வாங்கற அதே அயிரைதான். அண்ணன் சிரிச்சார். "விடலாம் தம்பி. மெல்லிசு மணலா போடுங்க, பூந்து விளையாடும். ஆனா ஆஸ்கர் மாதிரி பெரிய மீன் கூட விட்டுடாதீங்க. அயிரைக்குக் கண்ணுக்குக் கீழ முள்ளு இருக்கு. முழுங்கினா தொண்டையில மாட்டி ரெண்டும் போயிடும்."

காலி தொட்டி

மறுநாள் ஏஞ்சலையும் சக்கரையும் கொண்டுபோய்க் கொடுத்தாச்சு. பள்ளத்தி எப்பவும் கிடைக்காது. கேரளாவுல இருந்து வரணும். சொல்லி வச்சா வரும்போது எடுத்து வைக்கிறேன்னார் அண்ணன். நண்பன் அவசரப்படலை. தொட்டியைக் காயவிடாம, பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே ஓடவிட்டு, ரெண்டே ரெண்டு மோலியை மட்டும் விட்டிருக்கான். முதல்ல தண்ணி வீடாகட்டும், அப்புறம் ஆள் வரட்டும்னு காத்திருக்கான். பொறுமைன்னா என்னன்னே தெரியாத பயல் அவன். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரிதான் புக்கை வாங்குவான்!

கிளம்பும்போது பாட்டி மாடிக்கு வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாங்க. "என்னப்பா, எல்லாத்தையும் துரத்திட்டீங்களா? காலியா கிடக்கு?"

"இல்லை பாட்டி. சரியான ஆளுக்காக வாடகைக்கு விடாம வச்சிருக்கான்."

பாட்டி சிரிச்சாங்க. "நானும் இந்த மாடியை எட்டு மாசம் அப்படித்தான் வச்சிருந்தேன். அப்புறம்தான் இவன் வந்தான்."

நண்பன் முகத்தைப் பார்க்கணுமே! பெருமையில ஆஸ்கர் மாதிரி வாலை ஆட்டாத குறை. கீழ பட்டறையில இன்னும் "டங்... டங்..." கேட்டுக்கிட்டு இருந்துச்சு. யாரோ ஒரு பூட்டுக்கு அதோட சாவியைத் தேடிக்கிட்டு இருந்தாங்க.

ரயில்ல உட்கார்ந்தப்பதான் கவனிச்சேன், பேன்ட்ல இன்னும் ஆஸ்கர் வாசனை. பக்கத்து சீட்காரர் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு வேற சீட்டுக்குப் போயிட்டார். பரவாயில்லை. தொட்டியில எல்லாருக்கும் எல்லாரும் செட் ஆக மாட்டாங்கதானே!